டப்பா கொடுத்தவருக்கு முதல் காய்

நான் எதையும் வீட்டில் சேர்த்து வைக்கிற ஆள் இல்லை. ஐஸ்கிரீம் தீர்ந்தால் டப்பா குப்பைக்குப் போக வேண்டும், அதுவும் அன்றைக்கே. “எதுக்காவது ஆகும்” என்று என் மனைவி கழுவிக் கவிழ்த்து வைப்பதை, அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். அப்படி ஒருநாள் காலையில் திருடனைப் போல இறங்கிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

“சார், அதுக்கு மூடி இருக்கா?”

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது மாடிப்படியின் கைப்பிடிக்கு மேலே ஒரு முகம், வாயில் ஹேர்பின், கையில் பாதி பின்னிய சடை.

“இருக்கு. ஏன்?”

“மூடிய அடியில வச்சா தண்ணி வழியாது சார். ரெண்டையும் குடுங்க. என்ன ஐஸ்கிரீம் இது?”

அதற்கும் அவர் செய்யப் போகிற காரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. “பட்டர்ஸ்காட்ச்” என்றேன். “பரவால்ல” என்று பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முடிச்சூரில் எங்களுடையது பழைய வயல்காட்டில் எழும்பிய அடுக்குமாடி. கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி. வெள்ளம் வந்த வருஷத்தின் சேற்றுக் கோடு கீழ்த்தளத் தூண்களில் இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்கும்போதெல்லாம் மறைந்து அடுத்த மழைக்குள் திரும்பி வந்துவிடும். நான் முதல் மாடியில் சொந்த வீட்டுக்காரன். அவர் எனக்கு நேர் மேலே வாடகைக்கு வந்தவர். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கணவருக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் உத்தியோகம். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு இரண்டு பேராக இருந்தார்கள். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். அவரைவிட மூத்தவரான எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரிகூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார். கட்டடம் முழுக்க அதுவே பெயராகிவிட்டதால் நானும் இங்கே அதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

அக்காவின் கண்ணுக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் உண்டு. மண் நிற்கிறவை, மண் நிற்காதவை. பெயிண்ட் வாளி, சலவைத்தூள் டப்பா, உடைந்த கூலிங் கேன், கிழிந்த ஸ்கூல் பை, காது போன குக்கர், யாரோ விட்டெறிந்த வாஷ்பேசின் என எல்லாம் முதல் வகை. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் இலையைப் பார்க்க மாட்டார், ரசம் வருகிற வாளியைப் பார்ப்பார். ஒருமுறை என் மனைவி புதிதாக வாங்கிய ஹேண்ட்பேகைக் காட்டினாள். தடவிப் பார்த்துவிட்டு, “அடி நல்லா அகலம்மா. பழசானதும் சொல்லு” என்றார். மனைவி அன்றைக்குச் சாயங்காலம்வரை அந்தப் பையை என் கையில்கூடத் தரவில்லை.

இத்தனை டப்பா எதற்கு என்றால், அவரால் ஒரு நாற்றைப் பிடுங்கிப் போட முடியாது. விதை தூவினால் கொத்தாகத்தான் முளைக்கும்; திடமானதை விட்டுவிட்டு மற்றதைக் களைந்துவிட வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அக்கா அதைச் செய்ய மாட்டார். “எல்லாமே முளைச்சு வந்துருக்கு சார். எத வேணாம்னு சொல்றது?” என்று ஒவ்வொன்றையும் சுரண்டி எடுத்துத் தனித்தனி டப்பாவில் குடிவைப்பார். ஒரு தக்காளிப் பழத்தைப் பிதுக்கினால் எத்தனை விதை என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் மொட்டைமாடி ஒரே மழைக்காலத்தில் நிரம்பிப் போனது.

விதைக்கென்று அவர் கடைக்குப் போனதில்லை. குழம்புக்கு வாங்கிய காய்ந்த மிளகாயை உதிர்ப்பார். பிரிட்ஜுக்குள் மறந்துபோய் மஞ்சளாகப் பழுத்த பாகற்காய் கிடைத்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், அவர் பிள்ளை பிறந்த மாதிரி சிரிப்பார். வழித்தெடுத்த விதைகளை டிஷ்யூ பேப்பரில் பரப்பி, டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸின் மேல் காய வைப்பார். “அது எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும் சார். சீரியல் ஓட ஓட காஞ்சிரும்.” காய்ந்ததை மடித்து வைப்பதோடு சரி, எதன் மேலும் எது என்று எழுத மாட்டார். கேட்டால், “வரும்போது தெரியப்போவுது” என்பார். கத்திரி என்று சொல்லி வைத்தது மிளகாயாகும். மிளகாய் என்று நம்பியது தக்காளியாகும். ஒருமுறை கீரை என்று மூன்று வாரம் தண்ணீர் ஊற்றியது வெறும் புல். அதையும் அவர் பிடுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து சாப்பிட்டு முடித்ததும் கணவர் கேஸ் அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அந்த வாரம் வந்த டப்பாக்களுக்கெல்லாம் அடியில் ஓட்டை போடுவார். வாய் பேசாத மனிதர். வாரம் முழுக்கப் பட்டறையில் இரும்பில் துளை போட்டுவிட்டு, விடுமுறை நாளில் பிளாஸ்டிக்கில் துளை போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கருகல் வாடை மாடிப்படியில் வந்தால் மணி மூன்று என்று அர்த்தம்.

என் ஐஸ்கிரீம் டப்பாவை நான் அன்றோடு மறந்துவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. அக்கா ஒரு எவர்சில்வர் தட்டோடு நின்றார். தட்டின் நடுவில் ஒரே ஒரு பச்சை மிளகாய்.

“உங்க டப்பா காய்ச்சிருக்கு சார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்கு எதுக்குக்கா? நீங்கதான தண்ணி ஊத்துனீங்க.”

“டப்பா குடுத்தவங்களுக்குத்தான் முதல் காய். எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகை வரும்ல, முதல் பலன ஆண்டவருக்குக் குடுத்துட்டுதான் நாங்க தொடுவோம். அந்த மாதிரிதான். டப்பா உங்களுது.”

“மண்ணு?”

“மண்ணு கர்த்தருது.”

“தண்ணி?”

“தண்ணி அசோசியேஷனுது. அத சத்தமா சொல்லாதீங்க.”

“அப்ப உங்களுது எது?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “அப்படிப் பாத்தா எதுவும் இல்ல போலிருக்கே” என்று சொல்லிவிட்டு, தட்டை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த மிளகாயை நான் தயிர்சாதத்துக்குக் கடித்துக்கொண்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுநாள் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மொட்டைமாடிக்குப் போனேன். காற்று வாங்கத்தான் என்று மனைவியிடம் சொன்னேன். போய் என் டப்பா எங்கே இருக்கிறது, அடுத்த பூ விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அங்கே போனால் எனக்கு முன்னால் நாலு பேர் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதுதான் அக்காவின் வேலை. கட்டடத்தில் ஒரு வீடு மிச்சமில்லாமல் எல்லோருடைய டப்பாவும் மேலே இருந்தது. செக்ரட்டரியின் பழைய ஹெல்மெட்டைத் தலைகீழாகக் கம்பியில் தொங்கவிட்டு அதில் புதினா வைத்திருந்தார். தழைக்கும்போதெல்லாம் அவர் வீட்டுக்குப் புதினாத் துவையல் போகும். முதல் கொத்து அவருடையது. மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது, “பெரிய வாளியா வாங்குப்பா, பூசணி வைக்கணும்” என்று பெயிண்டரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். சர்ச்சுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய வாளியைக்கூட அக்கா விட்டுவைக்கவில்லை. அதில் காய்த்த பாகற்காயை அறுப்பின் பண்டிகையில் ஆயர் கையில் கொடுத்து, “இது காணிக்கை இல்லீங்க ஐயா, உங்க வாளியோட காய். காணிக்கை தனியா கொண்டு வந்திருக்கேன்” என்றாராம். பண்டிகைக்கு வந்ததையெல்லாம் ஏலம் விட்டபோது அந்தப் பாகற்காய்க்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றதாக வந்து சொன்னார். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் அக்காவுக்கு உள்ளே ஒரு பயம் எப்போதும் இருந்தது. மேலே யாராவது புதிதாக ஏறி வந்தால் சட்டென்று எழுந்து நிற்பார். அவருடைய வீட்டு ஓனர் குடிவைக்கும்போதே கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு காலத்தில் இந்த இடத்தில் நிலம் வைத்திருந்த குடும்பத்து ஆள். நிலம் ப்ளாட்டானபோது அவர் பங்குக்குச் சில வீடுகள் வந்தன. “செடி கிடி வச்சிகினு மாடில தண்ணி ஊத்திகினு இருந்தா எனக்குப் பேஜார்மா. ஒரே ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் வூட்ட காலி பண்ணிடணும்” என்றிருக்கிறார்.

“இவங்க தாத்தா நெல்லு போட்ட எடம் சார் இது” என்று அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வார். “பேரன் ஒரு கத்திரிச் செடிக்குப் பயப்படறாரு.”

முன்பு சேலையூரில் குடியிருந்தபோது ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் மாடியில் ஒரு செடி இல்லையாம். அந்த வீட்டுக்காரர் ஆள் வைத்து எல்லாவற்றையும் அள்ளிப் பக்கத்துக் காலிமனையில் கொட்டிவிட்டார். “டப்பா எல்லாம் நசுங்கிப் போச்சு. தக்காளி மட்டும் அங்கயே கெடந்து காய்ச்சுது சார். நான் சுவர் ஏறிக் குதிச்சுத் திருடிட்டு வந்தேன். என் தக்காளிய நானே!” சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

கம்ப்ளைண்ட் வந்தது ஒரு பச்சை பக்கெட்டால்.

செக்ரட்டரியின் மனைவி புது பக்கெட் வாங்கி, துணி உலர்த்திவிட்டு மாடி ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா கணவரிடம், “அந்த ஓரத்துல இருக்கறதுக்கெல்லாம் ஓட்டை போட்ருங்க” என்று சொல்லிவிட்டு சர்ச் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டார். சொன்ன வேலையைச் செய்கிற மனிதர் அவர். அடியில் அழகாக ஏழெட்டு ஓட்டை. மறுநாள் செக்ரட்டரியின் மனைவி குழாயடியில் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, செல்போனில் பேசியபடியே படுக்கையறை, ஹால், பூஜையறை எல்லாம் சுற்றியிருக்கிறார். கீழே குனிந்து பார்த்தபோது வீடு முழுக்கக் கோலம் போட்ட மாதிரி ஈரம். பக்கெட்டில் ஒரு சொட்டு இல்லை.

அக்கா அன்றைக்குச் சாயங்காலமே அதே பச்சையில் புது பக்கெட் வாங்கிக் கொடுத்து, ஓட்டையானதை எடுத்துக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். செக்ரட்டரி சிரிக்கவில்லை. “இன்னிக்கு பக்கெட். நாளைக்கு வாட்டர் டேங்க்ல ஓட்டை போடுவாங்க” என்று கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னார். அவருக்கு ஏற்கனவே ஒரு வருத்தம் இருந்தது. அவர் வீடு கடைசி மாடி. ஹால் சீலிங்கில் ஈரம் கசிந்து, வங்காள விரிகுடா மாதிரி ஒரு படம் விழுந்திருந்தது. இப்போது அதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இதே பேச்சு இரண்டு மாதம் ஓடி, கடைசியில் வண்டி நிறுத்துமிடத்தில் மீட்டிங் போட்டார்கள். வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வந்து பார்த்த மேஸ்திரியையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். “செடியாலதான?” என்று செக்ரட்டரி கேட்டார். “டேங்க் பைப்பால இருக்கும்” என்று நான் முந்திக்கொண்டேன். மேஸ்திரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“பைப்பும் ஒழுகிகினு கீது சார். செடியும் ஈரம் வச்சிகினு கீது. ரெண்டும்தான்.”

யாருக்கும் திருப்தியில்லாத பதில், ஆனால் உண்மை அதுதான். செக்ரட்டரி முடிவைச் சொன்னார். “ஞாயித்துக்கிழமைக்குள்ள மாடி சுத்தமா காலியாகணும். வேலை முடிஞ்சதுக்கு அப்புறமும் மாடில ஒரு தொட்டி வைக்கக் கூடாது. ஓனருக்கு நான் நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவரும் அன்னிக்கு வர்றாரு.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். செடி போனாலே போதும் என்று செக்ரட்டரி நினைத்திருக்கலாம். ஓனர் சொன்ன நிபந்தனை எனக்குத் தெரியும். செடியோடு வீடும் போகும். ஏதாவது சண்டை போடுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சரிங்க சார். உங்க வீட்டு சீலிங்கு கெட்டுப் போறது நியாயம் இல்லயே” என்று அக்கா எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அக்காவும் கணவரும். கையில் ஐஸ்கிரீம் டப்பா மிளகாய், ஊறுகாய் ஜாடித் துளசி, சலவைத்தூள் டப்பாத் தக்காளி, என் பழைய ஆபீஸ் பையில் கொத்தமல்லி.

“உங்க டப்பாங்க சார். மாடில வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. அவங்கவங்களுது அவங்கவங்ககிட்ட குடுத்துடறேன்.”

“இத நான் எங்க வைக்கிறது?”

“அது உங்க இஷ்டம் சார். வேணாம்னா தூக்கிப் போட்ருங்க. உங்க டப்பாதான?”

எதையும் தூக்கிப் போடுகிற நான் அந்த மிளகாய்ச் செடியைப் பார்த்தேன். நுனியில் வெள்ளையாக மூன்று பூ இருந்தது. பேசாமல் பால்கனியில் காயப்போட்டிருந்த துணிக்கொடியை அவிழ்த்து இடம் பண்ணினேன்.

பிறகு சுமக்க ஆள் போதாது என்று நானும் கூடப் போனேன். ஒவ்வொரு கதவாக அதே பேச்சு, அதே முழிப்பு. ஒருவர் பூசணி வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கொடியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றார். கடைசியாக செக்ரட்டரி வீடு. அக்கா ஒரு கையில் புதினா ஹெல்மெட்டோடு மணியை அழுத்தினார். என் கையில் ஓட்டை போட்ட அந்தப் பச்சை பக்கெட் இருந்தது. அதில் வெண்டை வைத்திருந்தார். இடுப்புயரம் வளர்ந்து, மஞ்சள் பூ ஒன்றும், அதற்குக் கீழே விரல்நீளத்துக்கு ஒரு பிஞ்சும் விட்டிருந்தது.

அந்த அம்மாள்தான் திறந்தார்.

“உங்க பக்கெட்டும்மா. முதல் காய் வந்துருச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டுப் பறிங்க” என்றார் அக்கா.

“யாரு?” என்று உள்ளேயிருந்து செக்ரட்டரியின் குரல்.

அந்த அம்மாள் பிஞ்சைத் தொட்டுப் பார்த்தார். “நம்ம பக்கெட் வந்திருக்குங்க” என்றார். “பால்கனிக் கதவத் தொறங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஓனர் புல்லட்டில் வந்தார். செக்ரட்டரி வாசலில் நின்று வரவேற்கவில்லை. ஓனர் நேராக மொட்டைமாடிக்குப் போனார். அங்கே அடித்துப் பெருக்கிய தரையும், டப்பா இருந்த இடங்களில் வட்டவட்டமாகத் தடங்களும்தான் இருந்தன. இறங்கி வரும்போதுதான் அவர் கவனித்தார். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் பச்சை. படிக்கட்டு வளைவில் தக்காளி. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கீரை.

“இது யாருது?” என்றார் தக்காளியைக் காட்டி.

“என்னுதுங்க” என்றாள் என் மனைவி.

“அது?”

“எங்க வாளிங்க அது” என்றது இன்னொரு குரல்.

மூன்றாம் மாடியில் செக்ரட்டரி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. வாசல் கம்பியில் ஹெல்மெட் தொங்கியது, காதுவரை புதினாவோடு.

“இன்னா சார் இது, ஹெல்மெட்ல?”

“என் ஹெல்மெட்” என்றார் செக்ரட்டரி.

“அது தெரியுது. செடி யாருது?”

செக்ரட்டரி ஒருமுறை தன் மனைவியைப் பார்த்தார். “என் ஹெல்மெட்ல இருந்தா என் செடிதான?”

“நீங்கதான சார் போன் பண்ணி...”

“அது போன வாரம் சார். இப்ப எல்லாம் சரியாயிடுச்சு.”

ஓனர் இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்து அக்கா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஹால், அடுப்படி, பால்கனி. ஒரு செடி இல்லை, ஒரு இலை இல்லை. அக்கா வெறும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கட்டடத்திலேயே செடி இல்லாத ஒரே வீடு அதுதான்.

ஓனர் தலையைச் சொறிந்தார். “அப்போ பிரச்சினை ஒண்ணும் இல்லியா?”

“இல்லீங்க” என்றோம் எல்லோரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்து.

காபி குடித்துவிட்டு அவர் கிளம்பும்போது அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. “சார், உங்க வீட்ல பக்கெட் பிரியாணி வாங்குனா அந்தப் பக்கெட்டத் தூக்கிப் போட்ருவீங்களா?” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஓனர் படியில் நின்றார். “தரேன்மா. இன்னா காய் வரும் அதுல?”

“வரும்போது தெரியும் சார். ஆனா முதல் காய் உங்களுக்குத்தான்.”

அதற்குப் பிறகு அக்கா வெகுநாள் எங்களோடு இருந்தார். முன்பு நாங்கள் மேலே ஏறிப் போவோம். இப்போது அவர் காலையில் தன் நீல பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வர ஆரம்பித்தார். ஓட்டை போடாத ஒரே பக்கெட் அது. நாங்கள் மறந்துபோன செடிக்கெல்லாம் ஊற்றிவிட்டு, “நேத்து குடிக்கவே இல்ல போலிருக்கே” என்று செடியிடம் பேசுகிற மாதிரி எங்களைத் திட்டிவிட்டுப் போவார். செக்ரட்டரி வீட்டில் அவருக்குக் காபியும் கிடைத்தது. பிறகு ஊரப்பாக்கத்தில் சின்னதாக ஒரு வீடு சொந்தமாக வாங்கினார்கள். கடன்தான், ஆனாலும் சொந்தம். எங்களுக்குச் சந்தோஷமும் அழுகையுமாக வந்தது.

மினிலாரியில் சாமான் ஏற்றும்போது கட்டடமே கீழே நின்றது. கட்டில், பீரோ, டிவி எல்லாம் ஏறியது. என் மனைவிதான் என் கையைக் கிள்ளிச் சொன்னாள். “பாத்தீங்களா? ஒரு செடி ஏறல.”

ஆமாம், எப்படி ஏறும்? எல்லாம் எங்களுடையது. இத்தனை வருஷத்தில் கட்டடத்தில் முதல் காய் சாப்பிடாத ஆள் அவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஏதாவது எடுத்துப்போங்கள் என்று ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். “அய்யோ, அது உங்க டப்பா” என்று ஒன்றையும் தொட மாட்டேன் என்றுவிட்டார். என் மனைவி கையில் மட்டும் டிஷ்யூ பேப்பரில் மடித்த விதைகளைக் கொடுத்தார். என்ன விதை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

லாரி போன பிறகு பார்த்தால் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த நீல பக்கெட் கிடந்தது. பீரோ இறக்கும்போது இடித்து, பக்கவாட்டில் விரிசல் விட்டிருந்தது. ஒரு காலத்தில் நானே காலால் தள்ளிவிட்டிருப்பேன். அன்றைக்கு அதை வீட்டுக்கு எடுத்துவந்து, திருப்புளியை அடுப்பில் காய்ச்சி, விரலையும் சுட்டுக்கொண்டு, அடியில் ஓட்டை போட்டேன். மண்ணை நிரப்பி, ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தூவினேன்.

வந்தது பீர்க்கை. கொத்தாக முளைத்தது, பிடுங்க மனசு வராமல் நானும் டப்பா தேடி அலைந்தேன். பக்கெட்டில் விட்ட கொடி என் பால்கனிக் கம்பியைப் பிடித்து மேலே ஏறி, அக்கா இருந்த வீட்டுப் பால்கனியில் போய்ப் படர்ந்தது. முதல் காய் அங்கேதான் தொங்கியது. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த ஐடி கம்பெனிப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துக் கேட்டான். “அங்கிள், இந்தக் காய் உங்களுதா?”

“இல்லப்பா. பக்கெட் வேற ஒருத்தரோடது. பறிச்சுக் கீழ குடு.”

தாம்பரத்தில் ரயிலேறி ஊரப்பாக்கத்துக்குப் போனேன். துணிப்பையில் பீர்க்கங்காய், என் மனைவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்த அதிரசம். அக்கா கதவைத் திறந்ததும் பையை நீட்டினேன்.

“உங்க பக்கெட் காய்ச்சிருக்குக்கா.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. “என் பக்கெட்டா?”

“நீலக் கலரு. விரிசல் விட்டுச்சுன்னு விட்டுட்டு வந்தீங்களே.”

காயை வெளியே எடுத்துப் பார்த்தார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. பிறகு உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். “ஏங்க, இங்க வாங்க. நமக்கு முதல் காய் வந்திருக்கு.”

வாய் பேசாத அந்த மனிதர் வந்து காயைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “எத்தன ஓட்டை போட்டீங்க?”

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். “உண்மையச் சொல்லுங்கக்கா. டப்பா குடுத்தவங்களுக்கு முதல் காய்னு சொன்னீங்களே, அது பக்தியா, தந்திரமா?”

அக்கா என்னைக் கொஞ்சம் பார்த்தார், அப்புறம் சேலையூர்க் கதை சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு.

“வாடகைக்கு இருக்கறவ செடிய யாரு வேணா தூக்கிப் போட்ருவாங்க சார். அவங்கவங்க டப்பாவ அவங்கவங்களே தூக்கிப் போடுவாங்களா?” என்றார். “ஆனா பக்தியும்தான். ரெண்டும்தான் சார்.”

கிளம்பும்போது துணிப்பையை மடித்துக் கொடுத்தார். அதிரச டப்பா வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அக்கா டப்பாவைக் கவிழ்த்து, அடியை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டப்பா...” என்றேன்.

“இங்க இருக்கட்டும் சார்” என்றார்.

போன வாரம் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது.

“சார், உங்க டப்பா காய்ச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். எப்ப வர்றீங்க?”